ஜப்பானில் 12 நாள், அப்பா அம்மாவுடன்: என் திட்டத்தைக் கொஞ்சம் பாருங்களேன்

கொள்ளிடக்கரை · 12 ஜூலை 2025

எல்லோருக்கும் வணக்கம். வருகிற நவம்பர் கடைசியில் அப்பா, அம்மா, நான் மூவரும் ஜப்பான் போகிறோம். அப்பாவுக்கு 68 வயது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை, மற்றதெல்லாம் அவருக்கு உபரி. வலது முழங்காலில் தேய்மானம். சமதளத்தில் நடப்பார், படியைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. கோயில் என்று சொல்லிவிட்டால் போதும், பசியை மறந்துவிடுவார்.

நான் போட்டிருக்கும் திட்டம்: டோக்கியோ 2 நாள், நிக்கோ 1, ஹகோனே 1, தகயாமாவும் ஷிரகாவாகோவும் சேர்த்து 1, கனசாவா 1, கியோட்டோ 2, நாராவும் ஒசாகாவும் சேர்த்து 1, ஹிரோஷிமா 1, அங்கிருந்து விமானத்தில் சப்போரோ 2. இன்னும் எதையாவது சேர்க்கலாமா?

தயிர்சாதம் · 12 ஜூலை 2025

சேர்ப்பதா? படிக்கும்போதே எனக்கு முழங்கால் வலிக்கிறது.

நிஷிகசாய்வாசி · 13 ஜூலை 2025

தம்பி, டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கிட்டத்தட்ட இதே அட்டவணையோடுதான் வருகிறார்கள். நான்காம் நாள் அழாத குறையாக ஹோட்டலில் படுத்துவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நவம்பர் கடைசியில் டோக்கியோவில் மாலை நாலரைக்கே சூரியன் இறங்கிவிடும். கோயில்கள் பெரும்பாலும் நான்கிலிருந்து ஐந்துக்குள் சாத்திவிடுவார்கள். ஹோட்டல் அறை கையில் கிடைப்பது மூன்று மணிக்கு. ஊர் மாறுகிற நாளில் பெட்டி கட்டி, ரயிலேறி, பெட்டியை ஒப்படைத்து வெளியே வந்தால் வெளிச்சம் போயிருக்கும். நீங்கள் ஏறக்குறைய தினமும் ஊர் மாறுகிறீர்கள். இப்படிப் போனால் பார்க்கப்போவது ஜப்பானை அல்ல, ஜப்பானின் லாக்கர்களை.

சப்போரோவை முதலில் வெட்டுங்கள். பனித் திருவிழா பிப்ரவரியில். ஃபுரானோவின் லாவெண்டர் வயல் ஜூலையில். நவம்பர் கடைசியில் இலையும் உதிர்ந்திருக்கும், பனியும் சரியாகச் சேர்ந்திருக்காது. அந்த இரண்டு நாளை வேறு எங்கும் போடலாம்.

நிக்கோ அருமையான இடம்தான். தோஷோகு ஆலயத்தில் மூன்று குரங்குச் சிற்பம், தூங்கும் பூனை, அத்தனை பொன்வேலை. ஆனால் அந்தக் காலத்தில் ஜப்பானை ஆண்ட தொகுகாவா இயேயாசுவின் சமாதிக்கு மட்டும் 207 கல்படிகள், ஒரே சீராகவும் இருக்காது. அதோடு அங்கே இலை சிவப்பது அக்டோபர் கடைசியில், நவம்பர் தொடக்கத்தில். நீங்கள் போகும்போது முடிந்திருக்கும். அதற்குப் பதில் காமாகுரா போங்கள். டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேரம்தான். பெரிய புத்தரைப் பார்க்கப் படியேற வேண்டியதில்லை.

விமானச் சீட்டை டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாயிலிருந்து கிளம்புவதுபோல் எடுங்கள். அதே வழியில் திரும்பி வருகிற ஒரு நாள் மிச்சம்.

மலைக்கோட்டை · 13 ஜூலை 2025

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். தகயாமா, ஷிரகாவாகோவையும் இந்த முறை விட்டுவிடுங்கள். கூப்பிய கைபோல் கூரை வேய்ந்த அந்த வீடுகள் அழகுதான், ஆனால் பேருந்தில் போய் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வருவதற்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஊருக்குள் இரவு தங்க முடிந்தால் அது வேறு கதை.

கணக்குப்பிள்ளை · 14 ஜூலை 2025

யாரும் இன்னும் காசைப் பற்றிப் பேசவில்லையே, நான் பேசுகிறேன்.

சுற்றுலாப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் வாங்கினால் லாபம் என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் 50,000 ஆகிவிட்டது. உங்கள் வழிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஏறக்குறைய 14,000. கியோட்டோ – ஹிரோஷிமா 11,000க்கு மேல். ஹிரோஷிமாவிலிருந்து ஒசாகா 10,000 சொச்சம். மொத்தம் 36,000 பக்கம் வருகிறது. தனித்தனிச் சீட்டே மலிவு. அது மட்டுமல்ல, பாஸ் இருந்தாலும் வேகமான நொசோமி வண்டிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

பெட்டி விஷயம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் டோக்கியோ – ஒசாகா தடத்தில் அதற்கென்று இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 1,000 யென் அபராதம். இதற்கெல்லாம் நல்ல வழி தக்யுபின். ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்தால் பெரும்பாலும் அடுத்த நாள் அடுத்த ஊர் ஹோட்டலில் இருக்கும். கையில் ஒரு பை மட்டும் போதும். முழங்கால் வலிக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பழையபெட்டி · 14 ஜூலை 2025

நான் மாறுபடுகிறேன். கியோட்டோவையே எடுத்துவிடுங்கள் என்பேன். நவம்பர் மூன்றாம், நான்காம் வாரம் கியோட்டோ என்றால் தைப்பூசத்தன்று பழனி. கியோமிசு கோயில் சாலையில் நடக்கவில்லை, தள்ளிக்கொண்டு போனார்கள். அராஷியாமா மூங்கில் காட்டில் மூங்கிலைவிடக் கைப்பேசிகள் அதிகம். கியோன் பகுதியில் கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்த கூட்டத்தால் 2024இல் தனியார் சந்துகளில் நுழையவே தடை போட்டு, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்துவிட்டார்கள்.

கனசாவாவுக்குப் போங்கள். டோக்கியோவிலிருந்து நேரடி ஷின்கான்சென் 2015 முதல் ஓடுகிறது. கென்ரோகுவென் தோட்டம், சாமுராய் தெரு, ஜப்பானின் தங்கத்தாள் முழுக்க ஏறக்குறைய அங்கேதான் அடிக்கிறார்கள். ஐஸ்கிரீம் மேலேயே ஒரு தாள் போர்த்தித் தருவார்கள். வாயில் ஒரு சுவையும் இல்லை, அது வேறு.

அப்புறம் தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று ஓனோ சுசுமு எழுதினாரே, அதைப் பற்றி யாரும் இங்கே

நிஷிகசாய்வாசி · 14 ஜூலை 2025

ஐயா, அதை மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வேண்டுமானால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே முழங்கால் பிரச்சினை ஓடிக்கொண்டிருக்கிறது.

மலைக்கோட்டை · 15 ஜூலை 2025

பழையபெட்டி சொல்லும் கூட்டம் உண்மைதான். ஆனால் அவர் சொல்வது மூன்று இடம், ஒரே நேரம்: கியோமிசு, அராஷியாமா, கியோன், காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை. கியோட்டோவில் ஆயிரத்துக்கு மேல் கோயில்கள் இருக்கின்றன. அம்மாவை அங்கே அழைத்துப் போகாமல் வேறு எங்கே அழைத்துப் போவது?

முதலில் சஞ்சூசன்கென்தோ. பட்டியலில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு ஜப்பானிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். 120 மீட்டர் நீளத்தில் ஒரே மரக்கூடம், 1266இல் திரும்பக் கட்டியது. உள்ளே கருணையின் தெய்வமான கன்னோனுக்கு ஆயிரத்தொரு சிலைகள். நடுவில் பெரியது ஒன்று உட்கார்ந்திருக்க, இரு பக்கமும் ஐந்நூறு ஐந்நூறாக ஆளுயரத்தில் நிற்கின்றன. அவர்களுக்கு முன்னால் வரிசையாக 28 காவல் தெய்வங்கள். அங்கேதான் நமக்கு வேலை. பலகையைப் படித்துக்கொண்டே போனால் பிரம்மா, இந்திரன், கருடன், நாகராஜா என்று ஒவ்வொருவராக எதிரே வருவார்கள். சீனா வழியாகப் பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்தவர்கள். கருடன் புல்லாங்குழல் வாசிக்கிறார்! செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும், படம் எடுக்க அனுமதி இல்லை, தரை முழுக்கச் சமதளம். உங்கள் அப்பாவுக்கும் ஆயிற்று.

ஃபுஷிமி இனாரி, அந்தச் சிவப்புத் தோரி வாயில்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் மலை. இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. காலை ஆறரைக்குப் போய்விடுங்கள். அடிவாரத்தில் நெருக்கமாக நிற்கும் வரிசை வரை நடந்துவிட்டுத் திரும்பினால் போதும். மலையைச் சுற்றிவர இரண்டு மூன்று மணி நேரம், முழுக்கப் படி. மேலே போனால் இதைவிட அழகு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மேலேயும் இதே வாயில்தான், கொஞ்சம் இடைவெளி விட்டு.

கின்காகுஜி, பொன் மண்டபம். 1950இல் ஓர் இளம் துறவியே தீ வைத்து எரித்துவிட்டார், இப்போதிருப்பது 1955இல் எழுப்பியது. குளத்தைச் சுற்றி ஒரே வழியில் நடந்து வெளியே வந்துவிடலாம். அரை மணி நேரம், ஒரு படம். ர்யோவான்ஜி அங்கிருந்து பக்கம். வெள்ளைச் சரளையில் பதினைந்து கல், எந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணினாலும் ஒன்று மறைந்துவிடும். அப்பா அந்தத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

பேருந்தில் ஏறாதீர்கள். கியோட்டோ நகரப் பேருந்துகள் பிதுங்கி வழியும். மூன்று பேர் என்றால் சிறு தூரத்துக்கு டாக்சி கட்டுப்படியாகும்.

தயிர்சாதம் · 15 ஜூலை 2025

சாப்பாட்டுக்கு வருகிறேன், என் பெயருக்கே அதுதான் கடமை.

ஜப்பானில் சைவத்துக்கு எதிரி இறைச்சி அல்ல, தாஷி. நம் ஊரில் பெருங்காயம்போல அங்கே எல்லாவற்றிலும் அது இருக்கும். பெரும்பாலும் காய்ந்த சூரை மீனைச் சீவி வேகவைத்த சாறு. மிசோ சூப் வெறும் சோயா என்று நினைப்போம், உள்ளே தாஷி. உதோன் நூடுல்ஸ் மேலே காய்கறி மட்டும் மிதக்கும், குழம்பு தாஷி. கத்தரிக்காய் வதக்கலைக் கொண்டுவந்து வைப்பார்கள், மேலே மீன் சீவல் ஆவியில் நெளிந்து ஆடும். “சைவம்” என்றால் “சரி, கோழி போடவில்லை” என்று புரிந்துகொள்ளும் கடைகளும் உண்டு. ஆகவே “நிகு, சகானா, தமாகோ, தாஷி, எல்லாம் இல்லாமல்” என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், முட்டை, தாஷி. நான்காவது வார்த்தைதான் முக்கியம்.

கொம்பினி என்று அவர்கள் சொல்லும் தெருமுனைக் கடைகள் நம் தோழன். உமேபோஷி என்ற உப்புப் பிளம் வைத்த சோற்று உருண்டை கிட்டத்தட்ட ஊறுகாய்ச் சோறு. ஆனால் உறையின் பின்பக்கத்தைக் கைப்பேசி கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள். சுவையூட்டியில் மீன் ஒளிந்திருக்கும்.

டோக்கியோவில் சமையலறை உள்ள அறை எடுங்கள். அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் அங்கேயே கிடைக்கும். ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போதும். பழம், காய், கறிவேப்பிலை என்று பச்சையாக எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் தாவரச் சோதனை உண்டு.

கடைசியாக, உங்கள் திட்டத்தில் இல்லாத ஓர் ஊர்: கோயாசான். அம்மாவுக்காக இதைச் சேருங்கள். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து மலை ரயில், அப்புறம் கேபிள் கார். 1,200 ஆண்டுகளுக்கு முன் கூகாய் என்ற துறவி அமைத்த மடங்களின் ஊர். பல மடங்களில் இரவு தங்கலாம். அங்கே தருவது ஷோஜின் உணவு. மீன் இல்லை, முட்டை இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. எள்ளை அரைத்துச் செய்த தோஃபு ஒன்று தருவார்கள், அதற்காகவே போகலாம்.

கூகாய் 835இல் தியானத்தில் அமர்ந்தவர், இன்னும் எழவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. இன்றைக்கும் தினம் இரண்டு வேளை அவருக்கு உணவு எடுத்துப் போகிறார்கள். ஜீவசமாதி என்று சொன்னால் அம்மாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அந்தச் சமாதிக்குப் போகும் வழி இரண்டு கிலோமீட்டர், இரு பக்கமும் வானுயர்ந்த தேவதாரு மரங்களும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகளும். பல கற்களில் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் சமஸ்கிருத மந்திரம் வெட்டியிருக்கும்.

கொள்ளிடக்கரை · 16 ஜூலை 2025

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அந்த ஜீவசமாதி எந்த நாளில் போகிறோம்?” என்று கேட்கிறார். இனி அதை வெட்ட முடியாது.

மடத்தில் தரையில் படுக்க வேண்டுமா? அப்பாவுக்கு உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

தயிர்சாதம் · 16 ஜூலை 2025

ஃபுடோன் மெத்தை தரையில்தான். நாற்காலி, கட்டில் வைத்த மடங்களும் உண்டு. முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், இரவுச் சாப்பாடு ஐந்தரை, ஆறு மணிக்கு. தாமதமாகப் போனால் அவர்களுக்கு உண்மையிலேயே சங்கடம்.

யாழ்நிலவு · 18 ஜூலை 2025

வணக்கம், நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறன். போன வருசம் அம்மாவோட யப்பான் போய் வந்தனான். காமாகுராவைப் பற்றி ஒருத்தரும் விபரமாச் சொல்லவில்லை, அதனால நான் சொல்லுறன்.

பெரிய புத்தர் 13ஆம் நூற்றாண்டு வெண்கலம், பதினொரு மீற்றருக்கும் மேல உயரம். ஒரு காலத்தில கூரை இருந்ததாம், கடல் கொண்டு போனபிறகு வெட்டவெளியில இருக்கிறார். 50 யென் குடுத்தால் சிலைக்குள்ளேயே போகலாம், ஆனால் அது ஒடுங்கின படி, அப்பாவை வெளியில இருத்துங்கோ. பக்கத்தில ஹசேதெரா கோயில். அதின்ர கீழ்மட்டத்தில ஒரு குகை, பென்சைதென்னுக்கு. பென்சைதென் எண்டால் எங்கட சரசுவதிதான். கையில வீணை மாதிரி ஒரு பீவா. அம்மா அந்தக் குகைக்குள்ள “வெள்ளைத் தாமரை” எண்டு பாடத் தொடங்கிவிட்டா, எனக்குச் சிரிப்பும் அழுகையும்.

புத்தர் இருக்கிற அதே கோயில் வளவில, பிறகு இலங்கை சனாதிபதியா வந்த ஜே. ஆர். ஜெயவர்தனாவுக்கு ஒரு நினைவுக்கல் வைச்சிருக்கினம். 1951இல சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில, யப்பானிடம் நட்டஈடு கேட்க மாட்டம் எண்டு சொல்லி, வெறுப்பு வெறுப்பால தணியாது, அன்பால மட்டும்தான் தணியும் எண்ட தம்மபதத்தைச் சொன்னவர். யப்பான்காரர் அதை மறக்கவில்லை. 83 யூலையைக் கண்ட வீட்டுப் பிள்ளை நான். அந்தக் கல்லை இரண்டு தரம் வாசிச்சிட்டு வந்தனான். அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

ஹிரோஷிமாவை மட்டும் வெட்டிப்போடாதையுங்கோ. அரும்பொருளகத்துக்குள்ள சனம் நிறைய, சத்தம் ஒண்டும் இல்லை. காலமை போங்கோ, அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஆற்றங்கரையில சும்மா இருங்கோ. பின்னேரம் மியாஜிமா.

மலைக்கோட்டை · 18 ஜூலை 2025

யாழ்நிலவு, இதை எழுதியதற்கு நன்றி.

கொள்ளிடக்கரை, மியாஜிமாவுக்கு ஒரு குறிப்பு. கடலுக்குள் நிற்கும் அந்தப் பெரிய வாயிலைப் பார்க்க ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஏற்றத்தில் மிதப்பதுபோல் இருக்கும், இறக்கத்தில் காலடி வரை நடந்தே போகலாம். இரண்டும் வேறு வேறு அழகு. தீவுக்குப் போக 2023 அக்டோபரிலிருந்து 100 யென் வரி, படகுச் சீட்டோடு சேர்த்தே வாங்கிக்கொள்வார்கள்.

நிஷிகசாய்வாசி · 19 ஜூலை 2025

ஹிரோஷிமாவில் உங்கள் அப்பாவுக்கு இன்னொன்று. அங்கே டிராம் ஓடும். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்குக் குண்டு விழுந்தது, மூன்றாம் நாள் 9ஆம் தேதியே ஒரு பகுதியில் டிராமை ஓட்டிவிட்டார்கள். அன்றைக்குத் தப்பிய வண்டிகளில் ஒன்றிரண்டு இன்னும் ஓட்டத்தில் இருக்கின்றன. 651, 652 என்ற எண்கள். ரயில்வே ஆள் என்றால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கியோட்டோவிலும் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, உமேகோஜியில். 1914இல் கட்டிய விசிறி வடிவ இஞ்சின் கொட்டகை, நடுவில் திருப்புமேடை, சுற்றிலும் நீராவி இஞ்சின்கள். முதல் ஷின்கான்சென்னும் அங்கே நிற்கிறது. புதன்கிழமை விடுமுறை.

கணக்குப்பிள்ளை · 19 ஜூலை 2025

ஃபுஜிக்காக ஹகோனே போகிறீர்களா? ஃபுஜி தெரியும் என்று எந்தப் பயணச்சீட்டும் உத்தரவாதம் தராது. நவம்பர் கடைசி, கோடையைவிட எவ்வளவோ மேல், அவ்வளவுதான். செலவில்லாத வழி: டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது வலப்பக்க ஜன்னல். ஏ, பி, சி ஒரு பக்கம் மூன்று, டி, ஈ மறுபக்கம் இரண்டு. ஈ இருக்கையைக் கேளுங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்தில் ஷின்-ஃபுஜி நிலையத்தை ஒட்டி மலை முழுதாக வரும். 3,776 மீட்டர், எதுவும் மறைக்காது, மேகம் மட்டும் மறைக்கும்.

இணையத்தில் எல்லோரும் போடும் ஐந்தடுக்குப் பகோடாவும் ஃபுஜியும் படம் இருக்கிறதே, அதற்கு 398 படி. சொல்லிவிட்டேன்.

கொள்ளிடக்கரை · 22 ஜூலை 2025

எல்லோருக்கும் நன்றி. புதுத் திட்டம்: டோக்கியோ 4 இரவு, அதில் ஒரு நாள் காமாகுரா. கியோட்டோ 4 இரவு, அதில் ஒரு நாள் நாரா. ஹிரோஷிமா 1, கோயாசான் 1, ஒசாகா 1. கன்சாயிலிருந்து புறப்பாடு. பதினொன்று இருந்த ஊர்கள் ஏழாகிவிட்டன. பழையபெட்டி ஐயா மன்னிக்க வேண்டும், கனசாவா அடுத்த முறை.

பழையபெட்டி · 22 ஜூலை 2025

அடுத்த முறை என்று சொன்னவர்கள் எல்லோரும் அடுத்த முறையும் கியோட்டோதான் போகிறார்கள். போய் வாருங்கள். ஒசாகாக் கோட்டைக்குள் போகாதீர்கள், 1931இல் கான்கிரீட்டில் கட்டிய கட்டடம் அது, உள்ளே லிஃப்ட் எல்லாம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் போதும். அசல் மரக்கோட்டை வேண்டுமென்றால் ஹிமேஜி.

தயிர்சாதம் · 22 ஜூலை 2025

லிஃப்ட் இருக்கிற கோட்டையை முழங்கால்காரரிடம் குறையாகச் சொல்கிறீர்களே ஐயா.

கொள்ளிடக்கரை · 14 டிசம்பர் 2025

திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. கடன் தீர்க்க எழுதுகிறேன்.

முதலில் அம்மா. சஞ்சூசன்கென்தோவில் இரண்டு மணி நேரம் இருந்தோம். 28 பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துப் பெயர் கேட்டார். கருடன் ஏன் குழல் ஊதுகிறார் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “பெருமாள் இல்லாத ஊர்ல அவருக்கு என்ன வேலை, பொழுதுபோக ஊதறார்” என்று அவரே முடித்துக்கொண்டார். நாராவில் பெரிய புத்தரைவிட மான்கள் குனிந்து கும்பிட்டதுதான் பிடித்தது. கும்பிட்ட மான் பிஸ்கட் தீர்ந்ததும் அவருடைய கைப்பையைக் கடித்தது. தோதாய்ஜி புத்தருக்கு 752இல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி என்று பலகையில் பார்த்துவிட்டு, மூன்று நாள் அதையே எல்லோரிடமும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயாசானுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். தவறு என்னுடையது. நம்பாவில் தவறான நடைமேடையில் நின்று இரண்டு வண்டியை விட்டேன். ஐந்தரைச் சாப்பாட்டுக்கு ஆறு மணிக்கு நுழைந்தோம். இளம் துறவி ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை, சூப்பைத் திரும்பச் சுடவைத்துக் கொண்டுவந்தார். அந்த மௌனம் திட்டியதைவிட மோசம். ஆனால் சாப்பாடு! பத்து நாளுக்குப் பிறகு அம்மா ஒரு வாய்கூட முகர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார். எள் தோஃபுவை என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார். அறையில் குளிர் எலும்பைத் தொட்டது, அதை யாரும் இங்கே எச்சரிக்கவில்லை! அப்பாவுக்கு நாற்காலி கேட்டு எழுதியிருந்தேன், இரண்டு வைத்திருந்தார்கள்.

சொதப்பியவை: ஃபுஷிமி இனாரிக்கு ஆறரைக்குப் போக வேண்டும் என்றீர்கள், நாங்கள் போனது ஒன்பதரை. பழனிதான். கியோட்டோவில் ஒரு நாள் டாக்சி கிடைக்காமல் பேருந்தில் ஏறி, இறங்கவேண்டிய நிறுத்தத்தில் வாசல் வரை வரமுடியாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினோம். ரயில் நிலையங்களில் லிஃப்ட் எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆனால் அது எப்போதும் நாம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. நிலையத்துக்குப் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மியாஜிமாவில் ஓத நேரத்தைத் தலைகீழாகப் படித்துவிட்டேன். மிதக்கும் வாயிலைக் காட்டப்போய்ச் சேற்றில் நிற்கும் வாயிலைக் காட்டினேன். அம்மா செருப்போடு சேற்றில் இறங்கி அந்தத் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிதந்திருந்தால் அது முடிந்திருக்காது.

ஹிரோஷிமா அருங்காட்சியகத்தைப் பற்றி எழுத வரவில்லை. யாழ்நிலவு சொன்னபடி ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே.

நிஷிகசாய்வாசி · 14 டிசம்பர் 2025

அப்பாவைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே. ஃபுஜி தெரிந்ததா?

கொள்ளிடக்கரை · 15 டிசம்பர் 2025

தெரிந்தது அண்ணா, உச்சி வரை சுத்தமாக. ஈ இருக்கையில் அவரைத்தான் உட்கார வைத்தேன். “அப்பா, ஃபுஜி!” என்றேன். “ம்ம்” என்றார், திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் பெட்டிக்குள் கண்டக்டர் வந்திருந்தார். கடைசி வரை நடந்துபோய், கதவருகே திரும்பி நின்று, பெட்டியைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். அப்பா இருக்கையிலிருந்து பாதி எழுந்து பதிலுக்குக் கும்பிட்டார்.

கியோட்டோவில் இறங்கியதும் வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டார். நடைமேடை பெஞ்சில் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு வண்டியும் கிளம்பும்போது கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, விரலைச் சுட்டி, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கிறாரே, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினாறு பெட்டி, 1,323 இருக்கை என்று எங்கிருந்தோ தெரிந்துவைத்திருக்கிறார். ஏழாவது வண்டிக்கு அவரும் மடியில் வைத்த விரலை லேசாக நீட்டினார். அம்மாதான் எனக்குச் சைகை காட்டினார், பார்க்காதமாதிரி இரு என்று.